நீலமூடிப் பாத்திரம்

விருந்து முடிந்து எல்லாரும் கைகழுவிவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும் நேரம்தான் பாஸ்டரம்மாவுக்கு வசதி. சமையலறைக் கதவை முதுகால் தள்ளிச் சாத்துவாள். நீலமூடியைத் திறப்பாள். கரண்டி படாத கறியை, மேலே ஆடை கட்டியது கட்டியபடியே, கழிவு வாளியில் கவிழ்ப்பாள். கோழித்துண்டும் உருளைக்கிழங்கும் தொப்பென்று விழுகிற சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று குழாயை வேறு திறந்துவிடுவாள். பெண்கள் கூட்டத்தில் பொய் சொல்லாதீர்கள் என்று மணிக்கணக்கில் புத்தி சொல்கிறவள் மாதம் ஒருமுறை திருட்டுத்தனமாகச் செய்கிற வேலை இது.

அந்தச் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பின்கூடத்தில் அன்பின் விருந்து. வீட்டுக்கு ஒரு பாத்திரம் வரும். நீள மேசையில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிடுவார்கள்; யாருடையதை வேண்டுமானாலும் யாரும் எடுத்துச் சாப்பிடலாம். மேசைக்கு மேலே சுவரில், ஆண்டவரின் பந்தியில் எல்லாருக்கும் இடமுண்டு என்று ஆளுயரத்துக்கு எழுதியிருக்கும். சாப்பிட்ட பிறகு ஒரு வழக்கம். தன் பாத்திரத்தைத் தானே கழுவக் கூடாது. சபையை ஆரம்பித்த பழைய பாஸ்டர் ஏற்படுத்தியது. ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவினார், நாம் ஒருவர் பாத்திரத்தை மற்றவர் கழுவினால் என்ன குறைந்துவிடும் என்று அவர் கேட்டாராம். அதனால் கையில் அகப்பட்ட அடுத்தவர் பாத்திரத்தைக் கழுவி, துடைத்து, உடையவரிடம் நீட்டி, "நிறைஞ்சோம்" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர் "ஸ்தோத்திரம்" என்பார். நல்ல வழக்கம்தான். நல்ல வழக்கத்துக்குள்ளேயும் பொய் போய் உட்கார்ந்துகொள்ள இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நீலமூடிப் பாத்திரத்துக்குச் சொந்தக்காரி பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில் வேலை பார்க்கிறவள். செத்தவர்களைக் குளிப்பாட்டி, துணி உடுத்தி, சொந்தக்காரர்களிடம் ஒப்படைக்கிற வேலை. புருஷன் செத்தபோது அடக்கம் பண்ண வேறு யாரும் முன்வராமல் பாஸ்டர் போய் நின்றார்; அடுத்த ஞாயிறே சபைக்கு வந்துவிட்டாள். முகத்துக்கு நேரே எல்லாரும் "வாங்க சிஸ்டர்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பெயர் நீலமூடி. பிணவறைக்காரி என்று சொல்லக் கூச்சப்படுகிற நாகரிகமான சபை அது. எந்த மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் அந்தப் பெயர் உதவியாக இருந்தது.

அவள் கொண்டுவந்த முதல் மாதம், வந்தவர்கள் எல்லாரும் மற்ற பாத்திரங்களை வழித்து நக்கிவிட்டுப் போன பிறகு நீலமூடி மட்டும் நிறைசூலியாக உட்கார்ந்திருந்தது. அந்த அக்கா தாழ்வாரத்தில், கழுவிக் கொடுக்கப் போகிற கைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள். வேறு யாரும் அந்தப் பாத்திரத்தைத் தொடப்போவதில்லை. பாஸ்டரம்மா யோசிக்கவே இல்லை. எடுத்தாள், கொட்டினாள், தேய்த்துக் கழுவினாள், கொண்டுபோய் நீட்டினாள்.

"நிறைஞ்சோம்க்கா."

அந்த அக்கா மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். வாயெல்லாம் பல்.

"காலியாயிடுச்சாம்மா? எல்லாமா?"

"ஒரு துளி மிச்சமில்ல."

"உப்பு சரியா இருந்துச்சாம்மா?"

"கச்சிதம்."

அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று பாஸ்டரம்மா தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். பிறகு உள்ளே போய்த் தன் கையைச் சோப்புப் போட்டு ஒருமுறைக்கு இருமுறை கழுவினாள். அதற்கு மட்டும் அவளிடம் சமாதானம் இல்லை. ஆகவே அதைப் பற்றி நினைக்காமல் விட்டுவிட்டாள்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடிற்று. மாதாமாதம் அதே "காலியாயிடுச்சா", அதே "உப்பு சரியா", அதே "கச்சிதம்". இத்தனை ருசித்துச் சாப்பிடுகிறார்களே என்று அந்த அக்கா பாத்திரத்தைப் பெரிதாக்கினாள். புதுப் பாத்திரம், பழைய நீலமூடி. மூடி சற்றே சிறியதாகி உள்ளே இறங்கி நின்றது. வாளியும் கூடுதலாக நிறைந்தது. அதை எடுத்துப்போக ஊருக்கு வெளியே பன்றி வளர்க்கிற ஒருவர் வண்டியோடு வருவார். சொல்லப்போனால் அந்த அக்காவை முழுமனதோடு ஏற்றுக்கொண்ட சபை அந்தப் பன்றிகள்தாம்.

இந்த நிலையில்தான் அவள் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. நேரே பாஸ்டரிடம் வந்து நின்றாள்.

"ஐயா, அடுத்த மாச விருந்தை என் வீட்டுல வெச்சுக்கட்டுமா? யாரும் ஒண்ணும் கொண்டுவர வேண்டாம். நானே சமைக்கிறேன். நம்ம ஜனத்துக்குத்தான் என் கையால சாப்பிட்டா அவ்வளவு பிடிக்குதே."

பாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடுத்த ஞாயிறே பிரசங்க மேடையிலிருந்து அறிவித்துவிட்டார். சபை முழுவதும் "ஆமென்" என்றது. பெண்கள் வரிசையில் பாஸ்டரம்மா மட்டும் முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்திருந்தாள்.

வார நடுவிலேயே சாக்குகள் வரத் தொடங்கிவிட்டன. சபைச் செயலாளரும் பாடகர் குழுத் தலைவியும் சொல்லி வைத்தாற்போல ஒரே சாயங்காலத்தில் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார்கள். பாஸ்டர் வெளியே போயிருந்தார். செயலாளருக்கு அன்றைக்குப் பார்த்து ஊரிலிருந்து மச்சான் வருகிறாராம். தலைவிக்குச் சர்க்கரை வியாதி.

"சர்க்கரை இருந்தா ஒரு வீட்டுக்குள்ள போய் உக்காரக் கூடாதா?" என்று பாஸ்டரம்மா கேட்டாள். குரல் அவளை மீறிக் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"போகலாம். ஆனா சாப்பிடச் சொல்வாங்களே."

"சாப்பிட்டா என்ன?"

தலைவி செயலாளரைப் பார்த்தாள். செயலாளர் தரையைப் பார்த்தார்.

"இதை நீங்க கேக்குறீங்களா பாஸ்டரம்மா?" என்றாள் தலைவி. "கதவைச் சாத்திட்டா எங்களுக்குத் தெரியாதா? அந்தச் சமையலறைக்கு ஜன்னல்னு ஒண்ணு இருக்கு. உண்மையைச் சொல்றேன், முதல் மாசம் எங்களுக்கு ஒரு தயக்கம், அவ்வளவுதான். அடுத்த தடவை கொஞ்சம் எடுத்துப் பாக்கலாம்னு எங்க வீட்டுக்காரர்கூடச் சொன்னார். அன்னைக்குத்தான் நீங்க கொட்டுறதைப் பாத்தோம். பாஸ்டரம்மாவே வாளியில கொட்டுறாங்கன்னா அதுல ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்? புதுசா வர்றவங்களுக்கும் நாங்க அதைத்தான் சொல்லி வெச்சிருக்கோம்."

அந்த அக்காவின் மனம் நோகாமல் இருக்கத்தானே அப்படிச் செய்தேன் என்று சொல்லப் பாஸ்டரம்மா வாயெடுத்தாள். சொல்லவில்லை. அந்தப் பாத்திரத்தைத் திறந்து ஒரு கரண்டி தன் தட்டில் போட்டுக்கொண்டிருந்தால், சபை மொத்தமும் பின்னாலேயே வந்து சாப்பிட்டிருக்கும். அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. இரண்டு வருஷம் கழித்து உறைத்து என்ன பிரயோஜனம்!

பாஸ்டர் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் நம்பவில்லை.

"என்ன பேச்சு இது? நானே சாப்பிட்டிருக்கேனே."

"உங்க தட்டுல போடுறது யாரு?"

அவர் யோசித்தார். மனைவி போட்டதைத் தின்றுவிட்டு, ஆண்டவர் யார் யாரோடெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று இத்தனை வருஷம் உருக உருகப் பிரசங்கம் பண்ணினவர் அவர். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல ஒரு பிடி பிடிக்கிறேன்" என்றார் கடைசியில். வேறு என்ன ஆயுதம் இருக்கிறது அவரிடம், பாவம்.

மறுநாள் பாஸ்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். உண்மையைச் சொல்லிவிடுவது, முடியாவிட்டால் விருந்தைப் பின்கூடத்துக்கே மாற்றச் சொல்லிக் கெஞ்சுவது. பிணவறை கட்டடத்தின் பின்கோடியில் இருந்தது. சுவர் முழுக்க வெளிர்ப்பச்சை ஓடு, தரை நடுவே வடிகால், கண்ணைக் கரிக்கிற மருந்து நெடி. ரப்பர் அங்கியும் முழங்கை வரை கையுறையுமாக அந்த அக்கா ஒரு கிழவரின் உடம்பைத் துடைத்து முடித்து, தலையைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வராதீங்கம்மா, நெடி ஏறும். தோ, வந்துட்டேன்" என்றாள். வகிடு கோணலாக விழுந்துவிட்டது. மறுபடி கலைத்துச் சீவினாள். "இவருக்கு யாரும் வரல. வரலைன்னா என்ன, தலை கலைஞ்சா போகணும்?"

கையுறையைக் கழற்றி, முழங்கை வரை சோப்பு நுரைக்க நுரைக்கக் கழுவிவிட்டு வெளியே வந்தாள். பாஸ்டரம்மா அவள் கைகளைப் பார்த்தாள். சபையிலேயே அத்தனை சுத்தமான கை வேறு யாருக்கும் இருக்காது.

"அக்கா, நான் என்ன சொல்ல வந்தேன்னா... விருந்தை நம்ம கூடத்துலயே வெச்சுக்கலாமே. உங்களுக்கு எதுக்கு மாடிப்படி ஏறி இறங்குற சிரமம்?"

"அது மட்டும் வேண்டாம்மா." அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "இந்த வேலைக்கு வந்த நாள்ல இருந்து என் வீட்டுப் படியை யாரும் மிதிச்சதில்ல. சாவு வீட்டுக்காரங்க கும்பிட்டுத்தான் பேசுவாங்க, ஆனா தள்ளி நின்னுதான் பேசுவாங்க. என் தங்கச்சியே வாசல்ல நின்னு பேசிட்டுப் போயிடுவா. ஒரு தடவை என் வீட்டுல நாலு பேர் உக்காந்து சாப்பிட்டுட்டாங்கன்னா எனக்குப் போதும். அப்புறம் செத்தாலும் சரிதான்."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா."

"சும்மா ஒரு பேச்சுக்குத்தாம்மா. இன்னொண்ணு, உப்புதான் எனக்குக் கவலை. இந்த மருந்து வாடையில மூக்கும் நாக்கும் செத்துப் போய் எத்தனையோ வருஷமாச்சு. ஒரு குத்துமதிப்பாத்தான் போடுறேன். அதான் மாசாமாசம் உங்களைக் கேக்குறது. நீங்க கச்சிதம்னு சொன்ன அளவை அப்படியே பிடிச்சுக்கிட்டேன். சரிதானே?"

இதுதான் சமயம். பாஸ்டரம்மா வாயைத் திறந்தாள்.

"சரிதான்க்கா" என்றாள்.

வீடு வந்து சேரும் வரை தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தாள். திட்டி முடித்ததும் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி! விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் வராமல் போன வேதாகம உவமையைப் பற்றிப் பேசினார்; மேசையைக் குத்தினார்; குரல் உடைந்து நின்றார். பாடகர் குழுத் தலைவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செயலாளர் எல்லாரையும்விடச் சத்தமாக "ஆமென்" சொன்னார். கடைசி ஆசீர்வாதத்துக்குக்கூடக் காத்திராமல் அந்த அக்கா வீட்டுக்கு ஓடிவிட்டாள், அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமோ என்னவோ என்று. ஆசீர்வாதம் முடிந்தது. சபையார் பாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "இன்னைக்குச் செய்தி நெஞ்சைத் தொட்டுடுச்சு பாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, அவரவர் வண்டியில் ஏறி அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் மட்டும் அந்த அக்கா வீட்டுக் குறுகிய மாடிப்படியில் ஏறினார்கள்.

கதவு விரியத் திறந்திருந்தது. ஒற்றை அறை வீடு. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து இடம் பண்ணியிருந்தாள். எங்கெங்கோ கேட்டு வாங்கிய நாற்காலிகள், ஒன்றுகூட மற்றொன்றோடு சேராத உயரத்தில், சுவர் ஓரமாக நெருக்கி அடுக்கப்பட்டிருந்தன. ஜன்னல் திரை புதிது. புருஷன் படத்தைத் துடைத்து வைத்திருந்தாள். மேசையில் தட்டுகள் கோபுரமாக நின்றன. பக்கத்தில் இரண்டு பெரிய பாத்திரங்கள். ஒன்றின் மேல் நீலமூடி.

"வாங்கய்யா, வாங்கம்மா. மத்தவங்க எல்லாம் பின்னால வராங்களா?"

"வருவாங்க" என்றார் பாஸ்டர். அவரும் பொய் சொல்லப் பழகிவிட்டார்.

உட்கார்ந்தார்கள். அந்த அக்கா தட்டுகளைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போனாள். காலடி பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. பாஸ்டர் ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். வழி தெரியாமல் சுற்றுகிறார்களோ என்று அவள் கேட்டாள். இருக்கும் என்றார். கறி ஆறிப்போகுதே என்றாள். மூடியைக் கொஞ்சம் நகர்த்தி, புறங்கையை நீட்டிச் சூடு பார்த்து, மறுபடி மூடினாள். பாஸ்டரம்மா தன் மடியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் ஒரு காலடிச் சத்தம் நிஜமாகவே வாசலில் வந்து நின்றது. அந்த அக்கா முகம் மலர எழுந்தாள்.

பன்றி வளர்க்கிறவர். கையில் வெறும் வாளி. உள்ளே வராமல் நிலைக்கு வெளியே நின்றார்.

"கூடத்துக்குப் போனேன், பூட்டியிருக்குதுங்க. காவல்காரர்தான் விருந்து இங்கன்னு சொன்னார். மிச்சம் மீதி இருந்தா எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். இன்னும் பந்தி ஆகலீங்களா?"

"உள்ள வாங்கண்ணே. நீங்க முதல்ல சாப்பிடுங்க" என்றாள் அந்த அக்கா.

"ஐயோ, நான் சபையில இல்லீங்களே."

"நாற்காலி இருக்கு, தட்டு இருக்கு, சோறு இருக்கு. உக்காருங்கண்ணே."

அவர் கூச்சத்தோடு வாளியை வெளியிலேயே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அந்த அக்கா நீலமூடியைத் திறந்தாள். ஆவி எழுந்தது. அவர் மூக்கை உறிஞ்சினார். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டதும் அவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"அட! இது உங்க கறிதானா! கூடத்து வாளியில மாசாமாசம் மேலாப்ல கிடக்குமே, துண்டு துண்டா, முழுசா, கை வெக்காத கறி! யாரு இப்படி நல்ல கறியைக் கொட்டுறாங்கன்னு எனக்கு ஒரே ஆச்சரியம். ஒரு தடவை மனசு கேக்காம நானே மேலாக ஒரு துண்டு எடுத்துத் தின்னு பாத்தேன். அருமையா இருந்துச்சு. என்ன, உப்புதான் ஒரு கை தூக்கல். பன்னிக்கு உப்பு ஆகாது பாருங்க, அதான் தண்ணி ஊத்தி அலசிட்டுத்தான் வைப்பேன்."

சொல்லிவிட்டு அவர் சந்தோஷமாக அடுத்த வாயை எடுத்தார். பிறகுதான் தலையை நிமிர்த்தினார். ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் போலிருக்கிறதே என்று மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த அக்கா கையில் கரண்டியோடு நின்றாள். முதலில் காலி நாற்காலிகளைப் பார்த்தாள், ஒவ்வொன்றாக, கடைசி நாற்காலி வரைக்கும். பிறகு பாஸ்டரம்மாவைப் பார்த்தாள். 

அந்த அக்கா கத்தவில்லை, அழவில்லை. இன்னும் இரண்டு தட்டுகளை எடுத்தாள். சோறு போட்டு, கறி ஊற்றி, பாஸ்டருக்கு ஒன்றும் பாஸ்டரம்மாவுக்கு ஒன்றும் வைத்தாள். பாஸ்டர் ஜெபம் பண்ணக் கண்ணை மூடினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பாஸ்டரம்மா பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள். கரித்தது. நன்றாகவே கரித்தது. முதல் மாதம் யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், தின்று பார்த்துச் சொல்லியிருந்தால் அடுத்த மாதமே சரியாகிப் போயிருக்கக் கூடிய விஷயம். கண்ணீரும் சேர்ந்துகொண்டதில் இன்னும் கரித்தது. மென்று விழுங்கினாள்.

"உப்பு சரியா இருக்காம்மா?" என்று கேட்டாள் அந்த அக்கா.

பாஸ்டரம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"கூட இருக்குக்கா."

"ம்." அந்த அக்கா மெதுவாகத் தலையாட்டினாள். "ரெண்டு வருஷமா கேட்டேனேம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். பன்றி வளர்க்கிறவர் கேட்காமலே அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவர் வேண்டாம் என்று சொல்லப் பயந்து, சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும், உப்போடு இருந்தாலும் பரவாயில்லை என்று முணுமுணுத்து, மிச்சக் கறியை வாளியில் ஊற்றிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். ஊற்றிக்கொள்ளச் சொன்னாள். அவளே பாத்திரத்தைப் பிடித்துச் சாய்த்தாள். அந்தத் தொப் தொப் சத்தத்தை மறைக்க அங்கே குழாய் எதுவும் திறந்திருக்கவில்லை.

பாஸ்டரம்மா எழுந்து போய், பழக்கத்தில், காலிப் பாத்திரத்தின் காதைப் பிடித்தாள்.

"கொடுங்கக்கா, நான் கழுவுறேன்."

அந்த அக்கா பாத்திரத்தை விடவில்லை. இழுக்கவுமில்லை. பாஸ்டரம்மாவின் விரல்கள் தாமாக விலகும் வரை பிடித்துக்கொண்டே நின்றாள்.

"வேண்டாம்மா" என்றாள். "என் பாத்திரத்தை நானே கழுவிக்கிறேன்."